கொள்ளுப் பொடிக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனது

காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எனக்குப் பிடிக்காமல் போனது எங்களுக்காகக் காத்திருந்த கார்தான். வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர் ஒருவர் என் பெயரை அட்டையில் எழுதி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்பின் தெரியாத மனுசர் கையில் என் பெயர் எதற்கு?

"கம்பெனியில அனுப்பிச்சிருக்காங்க அத்தை, ஏறுங்க," என்றாள் மருமகள் சுகந்தி.

"நாம கேட்டமா?"

"கேக்காமயே அனுப்பறாங்க. அது ஒரு மரியாதைங்க அத்தை."

கேட்காமல் வருகிற மரியாதையை நான் நம்புவதில்லை. இருந்தாலும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு ஏறிக்கொண்டேன். உள்ளே சாமி படமும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. சீட்டின் நுனியில் உட்கார்ந்தபடியே போனேன்.

எங்கள் ஊர் அந்தியூருக்குப் பக்கம். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி அரைத்து விற்பது தொழில். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு பிழைப்புக்காக நான் ஆட்டுக்கல்லை வைத்து ஆரம்பித்தது. சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்தபடியே விற்பேன். பொடி பேசியதால் நான் பேசாமல் இருந்தும் வியாபாரம் நடந்தது. இப்போது வறுக்க ஒரு மெசின், அரைக்க ஒரு மெசின், தகரக் கொட்டாய், வேலைக்கு ஊர்ப் பெண்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். கடைக்காரர்களிடம் பேசுவது, போனில் ஆர்டர் எடுப்பது, கூரியர் அனுப்புவது எல்லாம் சுகந்திதான். ஆனால் தொழில் என் பெயரில் இருக்கிறது.

பெண்கள் நடத்தும் சிறு தொழில்களில் பணம் போடும் கம்பெனி ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறதாம். எங்கள் பொடியை ஏதோ கண்காட்சியில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சுகந்திக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

"கடன் இல்லீங்க அத்தை. வட்டியும் கெடையாது. பங்கு மட்டும் குடுத்தாப் போதும்."

வட்டி இல்லாமல் பணம் கொடுக்கிறவரை நான் இந்த வயது வரை பார்த்ததில்லை. எப்படித்தான் இருப்பார், பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

தங்குவதற்கும் அவர்களே ரூம் போட்டிருந்தார்கள். மெத்தை, டிவி, குளிர்கிற மெசின். கதவுக்குச் சாவி கிடையாது, ஓர் அட்டையைக் காட்டினால் திறக்கிறது. இதேபோல இன்னோர் அட்டை அவர்களிடம் இருக்காதா? நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன். தண்ணீர் குடித்தால் இனித்தது.

"சிறுவாணித் தண்ணி அத்தை. அப்புடித்தான் இருக்கும்," என்றாள் சுகந்தி.

எங்கள் ஊரில் தண்ணீர் உப்புக் கரிக்கும். என்ன கலந்திருக்கிறது என்று நாக்குக்குத் தெரியும். இனிக்கிற தண்ணீரை எப்படி நம்புவது? இன்னொரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். அதுவும் இனித்தது.

மத்தியானம் ஆபீசுக்குப் போனோம். முழுக்கக் கண்ணாடி. உள்ளே வேலை செய்கிறவர்கள் வெளியே தெரிகிறார்கள். ஆனால் என்ன வேலை செய்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. ஒருவர் கையிலும் மாவு இல்லை, எண்ணெய் இல்லை.

பணம் போடுகிறவர் பெயர் கோகுல். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். நம்ம பக்கத்துப் பேச்சுதான்.

"வாங்கம்மா, உக்காருங்க. பிரயாணமெல்லாஞ் சௌகரியமா இருந்ததுங்களா?"

இவ்வளவு நல்ல பிள்ளையாகப் பேசுகிறானே என்று எனக்குப் பயம் கூடிவிட்டது.

சுவரில் படம் காட்டிப் பேசினார். பாதி இங்கிலீசு. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பெரிய மெசின் வரும், எல்லா ஊர்க் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் பொடி போகும், அதற்காகத் தொழிலில் பாதிக்கு மேல் பங்கு அவர்களுக்கு. நாளன்னைக்குப் பதில் சொல்ல வேண்டும். சுகந்தி கண் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மேசைமேல் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். தெரியாததைக் கேட்க எனக்கு வாய் வராது. ஐந்தாவது படிக்கும்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

கிளம்பும்போது மட்டும் ஒன்று கேட்டேன். அதுகூடக் கேட்காமல் இருந்தால் நம் பக்கத்து மனுசர் ஆக மாட்டோம்.

"தம்பிக்கு ஊடு எங்கீங்க?"

"துடியலூருங்கம்மா. புள்ளையார் கோயிலுக்குப் பொறத்தால, பச்சைக் கேட்டு ஊடு."

போதும் என்று நினைத்துக்கொண்டேன். பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையிடமா விசாரிப்போம்? அவன் நல்லவன் என்றுதான் அவன் சொல்வான். தெருவில் மளிகைக் கடைக்காரர், பால்காரர், எதிர்வீட்டு அம்மா, இவர்களிடம் கேட்டால்தான் குடிக்கிறானா, கைநீட்டுகிறானா என்று தெரியும். என் நாத்தனார் மகளுக்கு அப்படித்தான் பார்த்தோம். பொடியும் நான் பெற்றதுதானே.

மறுநாள் சுகந்தியை மெசின் பார்க்கக் கூட்டிப்போக அதே கார் வந்தது. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவள் என்னை இருக்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை, வரச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. அது வேறு எனக்கு உறுத்தியது. கார் போனதும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

துடியலூர் பஸ்ஸில்தான் ஏறினேன். கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டுக் காசை மட்டும் நீட்டினேன். அவரும் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எல்லோரும் இறங்கின பிறகுதான் தெரிந்தது, பஸ் எதிர்ப்பக்கமாக வந்திருக்கிறது.

"ஏனுங்கம்மா, உக்கடம் வந்திருச்சு. எறங்கலீங்களா?"

"துடியலூரு போகோணுமுங்க."

"அதெய மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? வாய்க்குள்ள கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

உக்கடத்தில் குளம் கடல் மாதிரி கிடந்தது. கரையோரம் வண்டியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நான் சனிக்கிழமை மீன் தின்பதில்லை என்றேன். "இன்னைக்கு வியாழக்கெழமைங்க," என்றாள். பொய் சொல்லப் பழக்கம் இல்லாதவள் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். அதற்குத் தண்டனையாக ஒரு துண்டு வாங்கித் தின்றேன். மிளகாயை வறுக்காமல் பச்சையாக அரைத்திருக்கிறாள். சொல்லவில்லை.

அங்கிருந்து இரண்டு பேரிடம் கேட்டு, அவர்கள் சொன்னது ஒன்றுபோல் இருக்கிறதா என்று மூன்றாமவரிடமும் சரிபார்த்து, துடியலூர் போய்ச் சேர்ந்தேன். பிள்ளையார் கோயிலும் இருந்தது, பச்சைக் கேட்டும் இருந்தது. அதுவரைக்கும் அவன் பொய் சொல்லவில்லை.

தெருமுனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. பேண்டு தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க தம்பி, அந்தப் பச்சைக் கேட்டு ஊட்டுப் பையன் எப்புடீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணு ஊட்டுக்காரங்களா?"

இல்லை, பொடி ஊட்டுக்காரி என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டேன்.

"தங்கமான பையனுங்க! பீடி சிகரெட்டு ஒண்ணுங் கெடையாது. சட்டை பட்டன் போனாக்கூட, 'பரவால்ல அண்ணா'ம்பாரு. இருங்க, இருங்க." நான் தடுப்பதற்குள் கேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார். "ஏனுங்க அம்மணி! தம்பிக்குப் பொண்ணு ஊட்டுலருந்து வந்திருக்காங்கோ!"

ஓடுவதற்கு எனக்கு முழங்கால் இல்லை. கோகுலின் அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல களை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார்.

"தெருவுல நின்னு விசாரிப்பாங்களா? உள்ளார வந்தா நாங்க சொல்ல மாட்டமா? எந்த ஊருங்கக்கா?"

"கோபிப் பக்கமுங்க."

"பொண்ணு என்ன படிச்சிருக்குது?"

"நல்லா... வறுபட்டது," என்று வாயில் வந்துவிட்டது. "பாடுபட்டு வளத்துனதுங்க" என்று மாற்றிச் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை. காபி வந்தது, முறுக்கு வந்தது, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வந்தது. கச்சாயம் பஞ்சு மாதிரி இருந்தது. இப்படி உபசரிக்கிற மனுசியிடம் இல்லாத பெண்ணைப் பற்றிப் பேசுகிறோமே என்று தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு தின்றேன்.

நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையனைப் பெற்றவர்கள் பெண் வீட்டாரிடம் ஒன்றைப் பத்தாகச் சொல்வார்கள். அந்தப் பத்தில் எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது.

"எம் மகன் நெம்பச் சூட்டிப்புங்கக்கா. மாசச் சம்பளக்காரன்னு நெனச்சுப்போடாதீங்க. சின்னச் சின்னக் கம்பெனியாப் பாத்து வாங்குவான். ரெண்டே வருசம், கொழுக்க வெச்சுப் பெரிய கம்பெனிக்காரனுக்கு வித்துப்போடுவான். ஒண்ணையுங் கையில வெச்சுக்க மாட்டான்."

"ஆட்டுக்குட்டி மாதிரீங்களா?"

"அதேதானுங்கக்கா!" தொடையைத் தட்டிச் சிரித்தார். "போன வருசம் ஊறுகாய்க் கம்பெனி ஒண்ணு. அதெய ஆரம்பிச்ச அம்மாவுக்கும் நஷ்டமில்ல. இப்ப அங்கயே சூப்பர்வைசரா சம்பளத்துக்கு இருக்கறாங்க."

தான் போட்ட ஊறுகாய்க்குத் தானே சம்பளக்காரி. காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்பக் கூட அந்தியூர்ப் பக்கம் ஒரு பொடிக் கம்பெனி பாத்திருக்கறான். ஒரு வயசானம்மா பேர்ல இருக்குதாம். அந்தம்மா வாயே தொறக்காதாம். மருமகதான் வெவரமாம். 'வித்துக் குடுத்தாக்கூட எனக்குச் செரிதானுங்க'ன்னு அந்தப் புள்ளயே சொல்லிப்போட்டாளாம். அப்பறமென்ன, முடிஞ்ச மாதிரிதான்."

முறுக்கு உடைகிற சத்தம் மாத்திரம் கேட்டது. உடைத்தது நான்தான் போலிருக்கிறது, துண்டு என் கையில் இருந்தது.

"ஏனுங்கக்கா, மொகம் இப்புடி வேர்க்குது?"

"வெயில்ல வந்தனுங்க."

வெற்றிலை பாக்கு மடித்துக் கொடுத்தார். ஜாதகம் அனுப்பி வையுங்கள் என்றார். வாரனுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இஸ்திரிக்காரர் "அமைஞ்சுதுங்களா?" என்று கேட்டார். அமைந்துவிட்டது என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் வந்தது கோயம்புத்தூர்க்காரர்களைச் சந்தேகப்பட. என் கொட்டாயில் என் பக்கத்திலேயே நின்று வறுக்கிறவளை மட்டும் விட்டுவிட்டேன். இனிக்கிற தண்ணீரையும் அட்டைச் சாவியையும் பார்த்த கண்ணுக்கு அவள் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மெஸ்ஸில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும் வைத்தார்கள். சுகந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பிசைந்துகொண்டிருந்தேன்.

"வித்துப்போடலாம்னு சொன்னியாமா?"

அவள் கை நின்றது. யார் சொன்னார்கள் என்று கேட்பாள், அழுவாள், மழுப்புவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"ஆமாங்க அத்தை. சொன்னேன்."

"எம்பட தொழிலயா?"

"அதேதான். உங்க தொழிலு. ஊடு உங்க பேர்ல, கொட்டாய் உங்க பேர்ல, பேங்க்கு உங்க பேர்ல. கல்யாணமாகி வந்த நாள்லருந்து நான் வறுத்துட்டே இருக்கறேன். பேங்க்கு மேனேஜரு, 'நீங்க யாருங்க'ன்னு கேட்டா மருமகள்ங்கறேன். வேற என்னன்னு சொல்றது? வித்தா எனக்கும் ஒரு பங்கு கேக்கலாம். அதெ வெச்சு எம் பேர்ல ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க எங்கிட்டப் பேசுவீங்களா அத்தை? பொடியப் பத்திப் பேசுவீங்க. உப்புப் பத்தலேம்பீங்க. வேற என்ன பேசியிருக்கறம் நாம?"

சர்வர் வந்து இன்னும் கொஞ்சம் சந்தகை போடட்டுமா என்றார். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம்.

ஆபீசுக்கு அதே காரில் போனோம். இந்த முறை சீட்டில் சாய்ந்துதான் உட்கார்ந்தேன். நுனியில் உட்காரத் தெம்பில்லை.

கோகுல் எழுந்து வரவேற்றார். பேப்பர் எல்லாம் தயாராக இருந்தது. என் கண் பிஸ்கட் தட்டுக்குத்தான் போனது. ஆனால் அன்றைக்கும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தொழில் போய்விடும்.

"ஏனுங்க தம்பி, நீங்க வாங்கி விக்கற ஆளுங்களாமா?"

"ஆமாங்கம்மா. மொத நாளே சொன்னேனுங்களே. படத்துல காட்டுனேனே, கடைசிப் பக்கத்துல."

சுகந்தியைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினாள். இங்கிலீசில் சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன். நேற்றுப் பூரா ஊரைச் சுற்றி விசாரித்ததை இங்கேயே, இதே நாற்காலியில், வாயைத் திறந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

"அது எங்க தொழிலுங்கம்மா. ஏமாத்தல்ல. ஆனா இன்னைக்குப் புதுசாக் கேக்கறீங்களே, உங்களுக்கு யார் சொன்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் காதுத் தோட்டைப் பார்த்தார், நெற்றித் திருநீறைப் பார்த்தார். "நேத்து எங்கூட்டுக்குக் கோபியிலருந்து ஒரு பெரியம்மா வந்தாங்கன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு கச்சாயஞ் சாப்பிட்டாங்களாமா. அது...?"

எனக்குத் தலை மேசைக்குக் கீழே போய்விட்டது. சுகந்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் விளங்கிக்கொண்டு, மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க.

"நெசமாலுமே பொண்ணு இல்லீங்களா?" என்றார் கோகுல். "அம்மா ஜோசியர் வரைக்கும் போயிட்டாங்க."

"இல்லீங்க தம்பி. மன்னிச்சுக்கோங்க." கீழே பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னேன். நிமிர்ந்தால் வராது. "எம்பட பொடிய நான் தரலீங்க. பெருசா வரலைன்னாலும் போவுது. கொட்டாயில வேல செய்யற புள்ளைங்க சந்தை நாள்ல லீவு வேணும்னா எங்கிட்டக் கேப்பாங்க, பெரிய கம்பெனிக்காரங்கிட்டக் கேக்க முடியாது. ஆனா இவ தொழில் வெக்கோணுங்கறா. இவளுக்குப் பணம் போடுவீங்களா?"

"என்ன தொழிலுங்க?"

எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. சுகந்தியைப் பார்த்தேன்.

அவள் முதலில் திணறினாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். காலையில் நாங்கள் தின்ற சந்தகைதான். ராகியில், கம்பில், சாமையில் பிழிந்து காயவைத்து, வெந்நீரில் போட்டால் ஆகிற மாதிரி. ஆஸ்டல் பிள்ளைகளுக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்கு. எந்த மெசின், எத்தனை நாள் கெடாது, எங்கே விற்பது என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லாதபோது பிழிந்து காயவைத்தும் பார்த்திருக்கிறாள். மொட்டை மாடி நிறையச் சந்தகை காய்ந்தபோது நான் எங்கே இருந்தேன்? எதையும் விடாமல் பார்க்கிறவள் என்று என்னை நானே நினைத்திருந்தேன்.

கோகுல் இந்த முறை படம் காட்டவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"இடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

சுகந்தி இல்லை என்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ரோட்டு மேல எங்க பழைய குடோன் இருக்குதுங்க. இவ பேர்ல எழுதிக் குடுக்கறேன். அப்ப இவ வெறுங்கையோட வரலீங்களே. பாதிக்கு மேல பங்கு கேக்காதீங்க."

"அம்மா வாயே தொறக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க," என்றார் கோகுல் சுகந்தியிடம்.

"நானும் இத்தன வருசமா அப்புடித்தானுங்க நெனச்சிருந்தேன்," என்றாள் அவள்.

கோகுல் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்து கணக்கெல்லாம் பேசலாம் என்றார். சுகந்தி இருக்கிறேன் என்றாள். நான் ஊருக்குத் திரும்ப வேண்டும், கொட்டாயில் ஆள் நிற்கிறது.

காந்திபுரத்தில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். கண்டக்டரிடம், "அந்தியூருங்க, மறக்காம எறக்கி உடுங்க," என்றாள்.

"நானே சொல்லிக்கறேன்," என்றேன்.

கீழே நின்றபடி ஜன்னல் வழியாகக் கேட்டாள். "குடோனு... கோவத்துலயா சொன்னீங்க அத்தை, நெசமாவா? ஊருக்குப் போய் மாத்திப்போட மாட்டீங்களே?"

சந்தேகம்தான். அந்தக் கண் எனக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிற கண்.

"நீ வர்றப்ப பத்திரம் எழுதற ஆளக் கூப்புட்டு வெக்கறேன்."

 அவள் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் தொழில் போனை எடுத்து ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். "ஆர்டர் வரும். நீங்கதான் இனி எடுக்கோணும்."

பஸ் கிளம்பியது. உள்ளதைச் சொன்னால், அப்போதும் ஒரு எண்ணம் வந்தது. இவள் ஆரம்பத்திலிருந்தே இதற்குத்தான் என்னைக் கூட்டி வந்தாளோ? குடோனையும் வாங்கிக்கொண்டு, வேலையையும் என் தலையில் கட்டிவிட்டாளோ? யோசித்துப் பார்த்தேன். அப்படியே இருந்தாலும் அது கெட்ட யோசனையாகத் தெரியவில்லை.

டவுனைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். அடித்துக்கொண்டே இருந்தது. முந்தானையை வாயில் வைத்து மறைத்துக்கொண்டு எடுத்தேன்.

"கொள்ளுப் பொடிங்களா? நாங்க சேலத்துல கடை வெச்சிருக்கறமுங்க. மாசாமாசம் வேணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். பஸ் முழுக்கக் கேட்கட்டும் என்று முந்தானையை எடுத்துவிட்டேன்.

"தரலாமுங்க. மொதல்ல நீங்க யாரு, எந்தக் கடை, எத்தனை வருசமா வெச்சிருக்கறீங்க? சொல்லுங்க."